பவளத் தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இன்னாங்க, மீனே கம்மியா இருக்கு?" என்றுதான். மீனுக்காக நான் அதை வைக்கவில்லை. பாறைமேல் பொத்தான் பொத்தானாக விரிந்திருந்த பவளங்களுக்காகவும், நடுவில் தோல் குடை மாதிரி நின்ற ஒரு பெரிய பவளத்துக்காகவும் வைத்தேன். எல்லாம் பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகள், சென்னையில் வாங்கியவை. பவளம் உயிருள்ளது என்று என் வீட்டுக்காரரை நம்பவைக்கவே ஒரு வருஷம் ஆனது.

நான் வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு சர்க்கரை ஆலை லேபில் கரும்புச்சாறு சோதித்துக்கொண்டிருந்தேன். "நம்ம வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கமில்ல" என்று மாமியார் வீட்டில் வேலையை விடச் சொன்னார்கள். விட்டேன். பல வருஷம் கழித்து இந்தத் தொட்டி வந்தபோது, உப்பளவு பார்ப்பது, நைட்ரேட் பார்ப்பது என்று கை மறுபடி பழைய வேலைக்குத் திரும்பியது.

அந்தச் சமயத்தில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்தது. என் வீட்டுக்காரர் அதில் முன்னால் நின்றதால், மறியலுக்கு ஆள் சேர்ப்பது, வேன் ஏற்பாடு செய்வது எல்லாம் எங்கள் ஹாலில் நடந்தது. கோரிக்கையில் எனக்குச் சண்டை இல்லை. எங்கள் பக்கத்தில் படித்துவிட்டு வேலையில்லாமல் கரும்பு வெட்டப் போன பிள்ளைகளை எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூட்டங்களில் என்னிடம் அவர்கள் பேசிய ஒரே பேச்சு, "டீ கொஞ்சம் ஜாஸ்தியா போடுங்க" என்பதுதான்.

பாறையில் பச்சை முடி மாதிரி பாசி வந்தது. டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன், கையால் பிடுங்கினேன். நாலே நாளில் திரும்ப முளைத்தது. மணல்மேல் கருஞ்சிவப்பாக ஒரு வழவழப்புப் படர்ந்தது. பொத்தான்கள் மூடிக்கொண்டன. குடை சுருங்கித் தொங்கியது. விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தேன், தீனியைக் குறைத்தேன். கூட்டத்துக்கு வந்த ஒருவர் தொட்டிக்குள் பிஸ்கட்டை நுணுக்கிப் போடுவதைப் பார்த்து, அவர் கையைப் பிடித்தே நிறுத்தினேன். பாசி அடங்கவில்லை.

தொட்டியில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஆர்.ஓ. ஃபில்டரில் சுத்தம் செய்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீரில் வயல் உரமெல்லாம் இறங்கியிருக்கிறது, பாசிக்கு அது சோறு. அதனால் ஆர்.ஓ. தண்ணீரைச் சமையலறைக்குப் பின்னால் ஒரு நீல டிரம்மில் பிடித்து வைப்பேன். ஃபில்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துச் சென்னையிலிருந்து புதியது வரவழைத்தேன். பார்சல் ஏறிய பஸ் உளுந்தூர்பேட்டையில் மறியலில் நின்றது. அந்த மறியலுக்குத்தான் என் வீட்டுக்காரர் வேன் ஏற்பாடு செய்து அனுப்பியிருந்தார்.

"உங்க ஆளுங்ககிட்ட சொல்லி அந்த பஸ்ஸ வுட சொல்லுங்க. பவளம் செத்துக்கினு இருக்கு."

"ஊரே ரோட்ல உக்காந்துகினு இருக்கு, உனக்குத் தொட்டி பெருசா?" என்றார்.

பின்பக்கம் போனேன். பழைய ஃபில்டரையே இன்னொரு முறை சோதிக்கலாம் என்று, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் பேனா மாதிரிக் கருவியை எடுத்தேன். ஃபில்டர் குழாயில் வந்த தண்ணீர் சுத்தமாக இருந்தது. டிரம்மில் வைத்தால் எண் எகிறியது. போர்வெல் குழாயில் வைத்தேன், கிட்டத்தட்ட அதே எண்.

அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை. "வர்றவங்க குடிக்கத் தண்ணி கேக்கறாங்க. டிரம்முல மோந்து குடுத்தேன். கொறஞ்சா நீ கத்துவன்னு மோட்டார் போட்டு ரொப்பி வச்சேன். தண்ணி தண்ணிதான?"

ரெண்டு மாதமாக அந்தத் தண்ணீரைத்தான் என் கையாலேயே ஊற்றியிருக்கிறேன். நான் பாசி பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டே அவர் பேப்பர் படித்திருக்கிறார்.

நேராக ஹாலுக்குப் போனேன். ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் பின்னாலேயே வந்தார். எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்துச் சொன்னேன்: "ஊர்ப் புள்ளைங்க படிச்சு வேலைக்குப் போவணும்னு ரோட்ல உக்காருறீங்க. நல்லது. படிச்ச பொண்டாட்டி வேலைய வுட்டப்ப எங்க உக்காந்திருந்தீங்க?"

"உள்ள போ," என்றார்.

"போவ மாட்டேன். இனிமே கூட்டத்த வேற எங்கயாவது வச்சுக்குங்க."

ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பு மாட்டினார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஃபில்டர் சொட்டுச் சொட்டாக நிரப்புவதற்குள் குடை போய்விடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீர் ஞாபகம் வந்தது, அதில் எதுவும் கரைந்திருக்காது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாதி ஷட்டர் இறக்கியிருந்த பேட்டரி கடையில் குனிந்து நுழைந்து, "இந்தத் தண்ணியில ஆசிட் கலக்கலதான?" என்று ரெண்டு தடவை கேட்டேன். கேன் கேனாக வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன். கையிலிருந்த கடல் உப்பைக் கரைத்துத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன்.

குடை பிழைக்கவில்லை. அடியிலிருந்து கூழாகி, வீடே நாறியது. எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்தபோது, சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டே மண்ணைத் தள்ளினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். பொத்தான்களில் பாதி மெல்ல விரிந்தன. பாசி வெளிறி, பிடுங்கினால் கையோடு வந்தது.

கூட்டம் யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டகைக்கு மாறியது. இன்றைக்கும் சொந்தக்காரர் கல்யாணங்களில் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "ஒரு டிரம் தண்ணிக்காக ஊரையே வெரட்டுனவ இவ." கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. சாப்பாட்டு இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.