வெள்ளைக்காரன் விட்டுவைத்த தட்டை நிலம்

லோஜினிக்கு அந்தப் பழைய வரைபடம் முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பித்தாகத்தான் இருந்தது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலேயுள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலாயியின் மகள் அவள். புவியியல் படித்துப் பட்டத்தோடு திரும்பியவள். வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் படமொன்றின் பிரதியை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, அதைப் பிடித்துக்கொண்டு மலை மலையாக நடப்பாள். படத்தில் கறுப்புக் கோடாக இருக்கும், தொழிலாளரின் வரிசை வீடான லயம் இன்று காட்டுக்குள் வெறும் அத்திவாரமாகக் கிடக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்குச் சோறு வேண்டாம்.

"பட்டம் வாங்கிட்டு வந்து கல்லு தேடுது பாரு" என்று தோட்டத்தில் சிரித்தார்கள்.

கார்த்திகை மழையில் மேல்மலை இடிந்து அவர்கள் லயத்தையே வாரிக்கொண்டு போனது. பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த காளியாயியும் அவள் புருஷனும் மண்ணோடு போனார்கள். மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்தார்கள். அங்கேதான் லோஜினி படத்தை மறுபடி விரித்தாள். சேறு இறங்கி வந்த வழியில் ஒரு நீலக் கோடு. பழைய ஓடை. அதன்மேல் பின்னால் தேயிலை நட்டிருக்கிறார்கள். எத்தனை தடவை அந்தக் கோட்டைத் தாண்டி விரல் போயிருக்கும்! அவள் தேடியதெல்லாம் கறுப்புக் கோடுகளை.

தையில், புது வீடு கட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவு காணி தருவதாக அரசாங்கத்தில் சொன்னார்கள். கீழே, தட்டையான புல்வெளி. படத்தில் மூன்று நீலக் கோடுகள் அங்கே வந்து முடிந்தன.

கூட்டத்தில் அவள் எழுந்தாள். "செங்குத்துலயெல்லாம் லயம் கட்டுன வெள்ளைக்காரன் தட்டையான எடத்தச் சும்மா விடுவானா தலைவரே? மலைத்தண்ணி பூரா அங்கதாங்க எறங்குது."

தோட்டத் தலைவர் சுப்பிரமணியம் கோபப்படவில்லை. "சரிம்மா. வேற எந்த எடத்தக் கேக்கலாம்? அந்தப் படத்துலயே பாத்துச் சொல்லு."

லோஜினி பார்த்தாள். "மத்ததெல்லாம் தேயிலைங்க."

"தேயிலையப் புடுங்கிட்டு நமக்குத் தருவாங்களா?"

பின்னாலிருந்து மாயாண்டி, "தண்ணி இருந்தா நல்லதுதானே, பைப்புக்கு அலைய வேணாம்!" என்றான். சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது.

"வேற எடம் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதுறேம்மா" என்று அன்றிரவு தாயிடம் சொன்னாள்.

"எழுதுனா விசாரிக்க வருவாங்க. அதுவரைக்கும் நாங்க எங்க கெடக்கிறது? பள்ளிக்கூடத்தத் தொறக்கணும்ங்கிறாங்க. மடிச்சு வையி புள்ள."

அவள் எழுதிவிட்டாள். விசாரணை முடியும்வரை வீடு கட்டும் வேலை நின்றது. பைப்படியில் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். வரிசையில் வேலாயிக்கு முன்னால் யாரோ தங்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். எல்லோரையும் காப்பாற்றத்தான் எழுதினேனா, நான் படித்தது சரியென்று காட்டவா என்று லோஜினி தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அதிகாரி மாசி வெயிலில் வந்தார். புல் காய்ந்து நிலம் வெடித்திருந்தது. லோஜினி நீட்டிய படத்தைப் பார்த்தார், பழசு என்றார். சப்பாத்துக் காலால் தரையை உதைத்துவிட்டு, "ஹொந்தாய்", நல்லது என்று சிங்களத்தில் சொல்லி ஜீப்பில் ஏறினார்.

வேலாயி வீட்டுக்கு அத்திவாரம் தோண்டியபோது இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர் ஊறியது. அந்த வெயிலிலும். வீடு கட்ட வந்த மேசன் பாஸ் லோஜினியைப் பார்த்தார்; பிறகு மலையைப் பார்த்தார்.

"எறைச்ச கையோட கொங்கிரீட் போட்டுறணும்" என்றார்.

வேலாயி வாளியோடு குழிக்குள் இறங்கினாள். மொண்டு மேலே நீட்டினாள். வாங்கிக் கொட்ட ஓர் ஆள் வேண்டும். லோஜினி குனிந்து வாங்கினாள்.