இடப்பக்கம் சாய்

என் மகள் வள்ளத்திலிருந்து களப்பில் விழுந்ததற்குக் கைத்தொலைபேசி விளையாட்டே காரணம் என்று எங்கள் சொந்தபந்தங்களுக்குள் முடிவாகிவிட்டது. நான் பள்ளிக்கூட ஆசிரியன். பெற்றோர் கூட்டங்களில் கைத்தொலைபேசியின் தீமைகளைப் பற்றி அரைமணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசக்கூடியவன். ஆகவே இந்த முடிவை எல்லோரும் என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்கள். "சேர் அப்பவே சொன்னார்" என்று கல்பிட்டிக் கடைத்தெருவில் என்னிடமே வந்து சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுக் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஏனென்றால் அன்றைக்கு அவளை விழுத்தியது விளையாட்டு அல்ல. நான்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திரையில் கறுத்த வானம். கீழே ஒரு சின்ன விண்கப்பல். மேலிருந்து எதிரிகள் கூட்டமாக இறங்குவார்கள். அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. கைத்தொலைபேசியை இடப்பக்கம் சாய்த்தால் கப்பல் இடப்பக்கம் போகும், வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் போகும். துப்பாக்கி தானாகச் சுடும். எதிரி வெடித்தால் அவனிடமிருந்து ஒரு தங்கப் பதக்கம் விழும். அது திரைக்குக் கீழே போய் மறைவதற்குள் கப்பலைக் கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டும். முதல் பதக்கம் சிறியது. அடுத்ததையும் தவறாமல் பிடித்தால் அது கொஞ்சம் பெரியது, அதற்கடுத்தது இன்னும் பெரியது. நடுவில் ஒன்றே ஒன்றைத் தவறவிட்டால் போதும், மறுபடியும் ஆகச் சிறியதிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றையும் பிடிக்காதவன் நிம்மதியாக இருப்பான். நூறு பிடித்தவனுக்கு நெஞ்சு படபடக்கும். பிள்ளை பெற்று வளர்ப்பதை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

பதினாலு வயதுப் பெண்பிள்ளை கதிரையில் இருந்தபடி திருக்கை மீனைப்போல முழு உடம்பையும் சாய்த்துச் சாய்த்து விளையாடுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கேட்டேன்: "இந்தப் பதக்கத்த மதுரங்குளிச் சந்திப் பேக்கரியில கொண்டுபோய்க் குடுத்தா ஒரு ராத்தல் பாண் தருவானா?"

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க அலுமாரிக்குள்ள அடுக்கி வச்சிருக்கிற கேடயத்துக்கு எத்தின ராத்தல் தருவான் வாப்பா?"

எங்கள் முன்னறையில் கண்ணாடி அலுமாரி ஒன்று இருக்கிறது. அவள் குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டியில் வாங்கிய கேடயம், பேச்சுப் போட்டியில் வாங்கியது, ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிடைத்தது என்று மூன்று தட்டு நிறைய இருக்கின்றன. அவள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் துணி எடுத்துத் துடைப்பவன் நான்தான். எந்தத் தட்டில் இடம் மிச்சம் இருக்கிறது என்பதும் எனக்குத்தான் தெரியும். பிழை கண்டுபிடிக்கலாம் என்று அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

கண்ணைக் கப்பலில் வைத்திருப்பவளுக்கு ஓரத்தில் விழும் பதக்கம் தெரியாது. பின்னால் நிற்பவனுக்குத் தெரியும். ஒரு தடவை, வாய் தவறித்தான், "வலப்பக்கம் சாய்!" என்றேன். அவள் சாய்ந்தாள், பதக்கத்தைப் பிடித்தாள். அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை நிரந்தரமாயிற்று. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் இரண்டு கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். மேசையில் கணிதப் புத்தகம் விரித்திருக்கும். குசினியிலிருந்த என் மனைவி பாடம் நடக்கிறது என்று நினைத்துத் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். பெற்றோர் கூட்டத்தில் பேசுவதை நான் நிறுத்தவில்லை. சொல்லப்போனால் அந்த மாதங்களில் இன்னும் சூடாகப் பேசினேன்.

பிறகு களப்பின் அக்கரையில், கரைத்தீவில் மனைவியின் சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. தரை வழியாகப் போவதென்றால் பாலாவிக்குப் போய், புத்தளத்தைச் சுற்றி, அரைநாள் பிடிக்கும். களப்புக்குக் குறுக்கே வள்ளத்தில் போனால் சீக்கிரம். எனக்கு வள்ளம் பிடிக்காது. சிறுவயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட எங்களை ஒரு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுவந்துதான் இந்தக் கரையில் இறக்கினார்கள். உடுத்திருந்த உடுப்பைத் தவிர எங்களிடம் வேறொன்றும் இல்லை. அதன்பிறகு தண்ணீரைக் கண்டால் நான் பத்தடி தள்ளித்தான் நிற்பேன். மகளையும் நீந்தப் பழகவிடவில்லை. பழகினால் தண்ணீரில் இறங்குவாள், இறங்கினால் ஆபத்து. என் கணக்கு அப்படி.

இந்தக் கரை வள்ளங்களில் ஒரு பழக்கம் உண்டு. வள்ளக்காரர் பின்னால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அலை பக்கவாட்டில் வந்தால், அல்லது வள்ளத்தைத் திருப்பினால், "வலப்பக்கம் சாய்", "இடப்பக்கம் சாய்" என்று கத்துவார். ஏறியிருக்கும் அத்தனை பேரும் அந்தக் கணமே சாய்வார்கள். யார் கத்தியது, ஏன் என்று கேட்கமாட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தால் வள்ளம் கவிழ்ந்துவிடும். பால்குடிப் பிள்ளையும் உம்மாவோடு சேர்ந்து சாயும்.

அன்றைக்கு நாங்கள் பத்துப் பேர். முன்னால் பெண்கள். மனைவிக்குப் பக்கத்தில் அவளுடைய மாமி, மடியில் கலியாண வீட்டு இனிப்பாக வட்டலப்பச் சட்டி. பின்பக்கம், வள்ளக்காரருக்கு முன்னால், நானும் மகளும். அவள் இடப்பக்க ஓரத்தில் இருந்தாள். உயிர்காப்பு அங்கிகள் இருந்தன. பலகை வெயிலில் சுட்டதால் எல்லோரும் அவற்றை மடித்துக் கீழே போட்டு அவற்றின்மேல் இருந்தார்கள். நான் மட்டும் மகளுக்கு ஒன்றைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் முனகினாள்.

"இதப் போட்டா கை மடங்குதில்ல வாப்பா. கப்பல் திரும்புதில்ல."

ஆபத்தைப் பற்றி எந்நேரமும் பேசும் நான், கப்பல் திரும்பவில்லை என்ற காரணத்துக்காக அங்கியைக் கழற்ற உதவினேன். வாரைக்கூட நானே அவிழ்த்தேன்.

வீட்டில் கதிரை அசையாது. களப்பில் வள்ளம் சாயும்போதெல்லாம் அவள் கையிலிருந்த விண்கப்பலும் சேர்ந்து சாய்ந்தது. அலை இடப்பக்கம் தள்ளினால் அவள் வலப்பக்கம் வளைந்தாள். அப்படி இருந்தும் ஒன்றுகூடத் தவறவில்லை. பதக்கங்கள் பெருத்துக்கொண்டே போயின. நாங்கள் இருவரும் அதுவரை கண்டிராத அளவுக்குப் பெரிதாக ஒன்று, திரையின் இடப்பக்க ஓரத்தில் விழத் தொடங்கியது. அவள் அதைக் காணவில்லை.

நான் கத்தினேன். "இடப்பக்கம் சாய்! சாய்!"

பத்துப் பேரும் சாய்ந்தார்கள்.

இன்ஜின் இரைச்சலில் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தால் அது வள்ளக்காரருடையதுதான். மாமி வட்டலப்பச் சட்டியோடு சாய்ந்தாள். வள்ளத்தின் இடப்பக்கம் தண்ணீரைத் தொட்டது. இரண்டு கையாலும் கைத்தொலைபேசியைப் பிடித்திருந்த என் மகள், வேறெதையும் பிடிக்காமல், சத்தமும் போடாமல், ஓரத்தைத் தாண்டிப் போய் விழுந்தாள். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் விசிறி அவளை நோக்கித்தான் போனது.

வள்ளக்காரர் இன்ஜினை ஒரே இழுப்பில் தண்ணீருக்கு மேலே தூக்கினார். விசிறி காற்றில் சுழன்று அலறிய அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. நான் குதித்தேன். நீந்தத் தெரியாது. கையைக் காலை அடித்தேன், தண்ணீர் குடித்தேன், மரண நேரத்துக்கான ஷஹாதா கலிமாவைப் பாதி சொன்னேன். அப்போது யாரோ என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார்கள்.

"வாப்பா, எழும்பி நில்லுங்க. நெஞ்சளவுதான்."

நின்றேன். நெஞ்சளவுதான். அவளுக்குக் கழுத்தளவு. அவள் தலையில் பாசி. அவளுக்கும் விசிறிக்கும் நடுவில் என் ஒரு கை நீளம்தான் இருந்தது. நான் அளந்து பார்த்தேன். இப்போதும் சில நேரம் சுவரில் கையை நீட்டி வைத்து அளந்து பார்க்கிறேன்.

எங்களைத் தூக்கி ஏற்றியதும் மனைவி கேட்டாள்: "ஆர் சாயச் சொன்ன?"

"நான் சொல்லல்ல" என்றார் வள்ளக்காரர். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

என் வாய் திறந்தது. அதற்குள் மகள் சொன்னாள்: "நான்தான் கத்தின உம்மா. கேம்ல பதக்கம் விழுந்திச்சு."

மாமி, காலியான சட்டியைப் பார்த்தபடி, "பொம்புளப் புள்ளைக்கு என்ன குரல், ரப்பே! பள்ளியில பாங்கு சொல்ற மோதினாருக்குக்கூட இப்படி ஒரு குரல் இல்ல" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். திறந்திருந்தால் களப்புத் தண்ணீர்தான் வந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். கலியாண வீட்டில் மகள் இரவல் உடுப்போடு, பலர் சேர்ந்துண்ணும் சஹன் தட்டில் நன்றாகச் சாப்பிட்டாள். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "இந்தக் காலத்துப் புள்ளையள்" என்று தொடங்கினார். நான் "ஓம்" என்றேன்.

கைத்தொலைபேசி களப்போடு போயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மனைவி மகளை ஏசினாள். தேத்தண்ணி ஊற்றும்போது ஏசினாள், உடுப்புக் காயப்போடும்போது ஏசினாள். மகள் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எப்போதோ சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகத்தான் இருக்கிறது.

போன கிழமை மகள் புது போன் கேட்டதும் மனைவி மறுபடியும் தொடங்கினாள். "வள்ளத்தில சாயச் சொல்லிக் கத்தின ஆளுக்குப் புது போன் ஒரு கேடா?"

"அவள் கத்தல்ல" என்றேன். "நான்தான் கத்தின. அங்கியக் கழட்டிவிட்டதும் நான்தான்."

மனைவி தேத்தண்ணியை ஊற்றி முடித்தாள். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. "தெரியும்."

"எப்ப?"

"வள்ளத்திலயே. பதினாறு வருஷமா இந்தக் குரலக் கேட்டுக்கொண்டிருக்கிறன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் புள்ளைய ஏசின?"

"புள்ளையவா ஏசின?" என்றாள்.

மகள் கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். பிறகு உம்மாவின் கைத்தொலைபேசியை எடுத்து அந்த விளையாட்டை இறக்கித் தன் பெயரைப் போட்டாள். சேர்த்த பதக்கங்கள் ஒன்று குறையாமல் வந்தன. களப்பில் விழுந்து எழும்பியவற்றில் சேதமில்லாமல் வந்தவை அவை மட்டும்தான்.

"இந்தாங்க வாப்பா, நீங்க பிடிங்க. நான் சொல்றன்."

வாங்கிப் பிடித்தேன். கப்பல் நேராக நிற்கவில்லை. நான் எந்தப் பக்கமும் சாயாமல் கதிரையில் நிமிர்ந்துதான் இருந்தேன். அது மட்டும் இடமும் வலமும் விடாமல் ஆடியது. மேசையில் வைத்துப் பார்த்தேன், ஆடாமல் நின்றது. கையில் எடுத்தேன், மறுபடியும் ஆடியது. ஆகச் சிறிய முதல் பதக்கம் கப்பலுக்குப் பக்கத்தாலேயே விழுந்து மறைந்தது.

"வாப்பா, கை நடுங்குது" என்றாள் மகள், மெதுவாக.

"பாத்து" என்றாள் மனைவி குசினியிலிருந்து. "இன்னும் ஆரையும் விழுத்திப்போடாதீங்க."