ஒற்றை ஆளின் பத்து மணி

காரைக்குடியில் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு சென்னை அலுவலகத்துக்கு வேலை பார்க்கிறேன். போனில் ஒரு காலண்டர், லேப்டாப்பில் அலுவலகக் காலண்டர். இரண்டையும் இணைத்துவிட்டால் ஒன்றில் இருப்பது மற்றதிலும் வந்துவிடும் என்றார்கள். நம்பினேன்.

அப்பாவுக்குச் சர்க்கரையால் வலது கண் மங்கிக்கொண்டு வந்தது. மாதம் ஒரு முறை மதுரைக்குப் போய்க் கண்ணில் ஊசி போட வேண்டும். விட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி போட்ட கண்ணைக் கட்டிவிடுவதால் தனியாக அனுப்பவும் முடியாது. காலை பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று போனில் குறித்து வைத்தேன். அந்தப் பாழாய்ப்போன மென்பொருள், பத்துப் பேர் பெயர் போட்ட மீட்டிங்கை மட்டும் மேளதாளத்தோடு இரண்டு இடத்திலும் கொண்டுவந்து இறக்கியது. நான் எனக்காகக் குறித்ததைப் போனோடு விட்டுவிட்டது. அலுவலகத்தில் பார்ப்பவர்களுக்கு அந்த நேரம் நான் சும்மா இருப்பதாகத் தெரியும். அதன் தலையிலேயே மீட்டிங் வைத்தார்கள். இரண்டு மாதம் ஊசி தவறியது. இரண்டு முறையும், வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பி நின்றவரிடம், "பத்துப் பேரு காத்திருக்காகப்பா" என்றேன்.

கூட வேலை பார்க்கும் பெண் ஒரு வழி சொன்னாள். "ஆபீஸ் காலண்டர்லயே போடு. இன்னொருத்தர் பேரையும் சேத்து மீட்டிங்கா போடு. அப்பத்தான் மதிப்பாங்க."

தனி ஆளுக்கு மதிப்பில்லையாம்! பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, அவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, அழைப்பு வந்தால் எதை அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்தேன். பெற்ற அப்பாவை மீட்டிங்குக்கு அழைத்த மகள் நான்.

அடுத்த ஊசி நாளன்று காலை மேலாளர் போன் செய்தார். "ரெண்டு பேர் மீட்டிங்தானே, தள்ளி வெச்சுக்கலாமே? இங்க பத்துப் பேர் இருக்கோம்."

"முடியாது சார்! எங்கப்பா கண்ணு போயிரும்!"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் லேப்டாப்பில் ஒரு பதில் வந்து விழுந்தது. என் அழைப்பை அப்பா மறுத்திருந்தார்.

கூடத்துக்கு ஓடினேன். போனை மடியில் வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஆத்தா சண்டை போடுற? பத்துப் பேரு காத்திருக்காகள்ல. நான் ஒருத்தன்தானே."

என் வாயால் இரண்டு முறை நான் சொன்னது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"சட்டையை மாட்டுங்கப்பா!" என்று அவரிடமும் கத்தினேன்.

தடவித் தடவிப் போட்டவர் பொத்தான்களை மாற்றிப் போட்டிருக்கிறார். பஸ் ஏறிய பிறகுதான் பார்த்தேன்.