கல்லில் இருந்த பெயர்

இல்லை வெர்டி, அதை மட்டும் சொல்லாதே. என் மகள் ஹாலிஸ் கல்நெஞ்சக்காரி இல்லை. செத்த அண்ணனுக்கு ஒரு பூ வைக்க மனம் வராதவள் என்று தேவாலய வாசலில் நின்று சொன்னாயாமே. பத்தொன்பது வயது வரை வருடம் தவறாமல் வைத்தவள் அவள். வைக்கச் செய்தவள் நான். குற்றம் யாருடையது என்று நானே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

என் மகனை ஓடை வெள்ளம் கொண்டுபோனபோது அவனுக்கு நான்கு வயது. அடுத்த வசந்தத்தில் இவள் பிறந்தாள். மருத்துவச்சி ஆர்லீனா பெயர் கேட்டாள். ஹாலிஸ் என்றேன்.

“செத்த பிள்ளை பேரையா வைப்ப?”

“ஆணுக்கும் ஆகும், பொண்ணுக்கும் ஆகும் பேருதானே. வீணாப் போக வேணாம்.”

அவனுடைய பழைய சட்டையை வெட்டித் தைத்து இவளுக்குப் போட்டுவிட்டது போலத்தான் செய்தேன்.

மே மாதம் நாமெல்லாம் கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூ வைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிற நாளில், அவளை அந்தக் கல்லின் முன் நிறுத்துவேன். எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு சொல்லை மட்டும் விரலால் தடவித் தெரிந்துவைத்திருந்தேன். அவள் எழுத்துக் கற்றதும் முதலில் வாசித்தது அதைத்தான். தன் பெயர், அதன் கீழே செத்த தேதி.

“உன்னைப் புதைச்சாச்சே, அப்புறம் கோழிக்கால் யாருக்குடி?” என்று கேட்டது உன் மகன் டில்லர்டுதான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஏழு வயதில், “அம்மா, என் பேருக்கு என்ன அர்த்தம்?” என்றாள்.

“உன் அண்ணன்னு அர்த்தம்” என்றேன்.

போன மே மாதம், அதே நாள் காலை. நான் பியோனிப் பூக்களைப் பறித்துவந்து சமையலறையில் கட்டிக்கொண்டிருந்தேன். நகரத்து நூலகத்தில் பார்த்து எழுதிவந்த தாளோடு நின்றாள்.

“அம்மா, இது ரொம்பப் பழைய இங்கிலீஷ் பேரு. ஹாலி மரத்துப் பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு வந்ததாம். முதல்ல குடும்பப் பேரு, அப்புறம்தான் பிள்ளைங்களுக்கு வச்சாங்க. நம்ம கொட்டகைக்குப் பின்னால நிக்குதே, முள் இலை, சிவப்புப் பழம், அந்த மரம்மா. அண்ணன் இல்ல.”

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. ‘சரிடி, அது உன் பேருதான்’ என்றிருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் வந்தாள்.

“புஸ்தகத்துல ஆயிரம் எழுதுவான். பூவை எடு.”

“இந்த வருஷம் நீயே வச்சிடும்மா.”

“அவன் இருந்திருந்தா இப்படி எதிர்த்துப் பேசியிருக்க மாட்டான்.”

அந்த வார்த்தையை எந்த ஓடையில் கழுவுவேன்? அவள் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். சின்சினாட்டி நகரத்துக்குப் பஸ் பத்து மணிக்கு. கதவைத் திறந்தாள். “ஹாலிஸ்!” என்று கத்தினேன்.

திரும்பினாள். “யாரைம்மா கூப்பிடுற?”

கோபமாகக் கேட்கவில்லை, வெர்டி. கதவைப் பிடித்தபடி பதிலுக்காக நின்றாள். என் கை நிறையப் பூ.

பிறகு படியிறங்கிப் போனாள்.