அண்ணன் சைபர் போட்ட கட்டம்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிடி கிடக்கிறது. உறையில் 'பட்டறைக்காரருக்கு ரேட்டுக் கணக்கு' என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். எழுதியவர் ஓசூரில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அண்ணன். இன்றைய லேப்டாப்பில் சிடி போட வழியே இல்லாததால், உள்ளே இருந்ததையெல்லாம் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டேன். ஆனாலும் இதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

அண்ணன் விருதுநகர் பக்கத்துக்காரர். ஒரு பெரிய தொழிற்சாலையில் செலவுக் கணக்குப் பார்க்கும் காஸ்டிங் பிரிவில் இருந்தார். ஒரு பொருளைச் செய்ய இரும்புக்கு எவ்வளவு, மெஷின் ஓடும் நேரத்துக்கு எவ்வளவு, கரண்டுக்கு எவ்வளவு என்று கூட்டி விலை போடுவதுதான் வேலை. மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். நான் சிங்காரப்பேட்டைக்காரன், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கிருஷ்ணகிரி பஸ்ஸில் தொற்றிக்கொள்வேன். அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் அவரும் சீலிங் ஃபேனும்தான். திங்கட்கிழமை நான் திரும்பி வரும்போது, ஒரு நாள் முழுக்கப் பேசாமல் கிடந்த தொண்டையைச் செருமிக்கொண்டு "வாப்பா" என்பார்.

அந்த ஞாயிறுகளில்தான் அவர் இதைச் செய்தார். தொழிற்பேட்டையைச் சுற்றியிருந்த சின்ன லேத் பட்டறைக்காரர்கள், பெரிய கம்பெனிகளுக்கு மனம்போன போக்கில் கொட்டேஷன் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொள்வதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். இவருடைய எக்ஸெல் கணக்கில் கட்டங்களை நிரப்பினால் போதும், கட்டுப்படியாகிற ரேட்டு கீழே வந்து நிற்கும். எப்படி நிரப்புவது என்று அவரே பேசிப் பதிந்த பாடங்களும் உண்டு. இதை விற்று ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மனைவியையும் மகளையும் ஓசூருக்கு அழைத்துவர வேண்டும் என்பது திட்டம். மகளிடம் போனில் சொல்லியும்விட்டார்.

சிடிக்கு என்ன விலை வைப்பது என்று வந்தபோது அவர் யாரையும் கேட்கவில்லை, தன் கணக்கையே கேட்டார். வெற்று சிடி, உறை, கரண்டு எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டார். 'சொந்த உழைப்பு நேரம்' என்ற கட்டம் வந்ததும் சைபர் போட்டார். கீழே முப்பது ரூபாய் என்று வந்து நின்றது.

"உங்க நேரத்தப் போடலியேண்ணா?" என்றேன்.

"என்னத்தப் போட? ஞாயித்துக்கிழமை நான் சும்மாதானப்பா கெடக்கேன். அதுக்கு என்ன ரேட்டு?"

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதலில் பார்த்த பட்டறைக்காரர் உறையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "பஸ் ஸ்டாண்டுல சினிமா சிடியும் இதே ரேட்டுதான் சார். இதுல பெருசா என்னா இருந்திடப் போவுது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு நான்தான் நச்சரித்து விலையை முந்நூறாக்கினேன். விலை கூடியதும் மதிப்பும் வந்தது. மூன்று பேர் வாங்கினார்கள். மற்றவர்களெல்லாம் அந்த மூவரிடமிருந்து காப்பி போட்டுக்கொண்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அது தெரிந்த விதத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. மே மாதக் கடைசியில் இருவரும் ஒரு பட்டறைக்கு விற்கப் போயிருந்தோம். நாங்கள் பையைத் திறப்பதற்குள் அதன் முதலாளி தன் கம்ப்யூட்டரைக் காட்டினார். திரையில் அண்ணனுடைய கணக்கு. "எங்க மச்சான் காப்பி போட்டுக் குடுத்தாரு சார். இதப் பாத்துக்கினுதான் இப்பல்லாம் கொட்டேஷன் போடுறேன். யாரு பண்ணாங்களோ, புண்ணியவான்" என்றார். பாடங்கள் பெரிய ஃபைல் என்று மச்சான் விட்டுவிட்டாராம். அதனால் எதிரில் நிற்பவரின் குரலும் அவருக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை அழுத்திவிட்டுத் திரைக்குக் குனிந்தார். "இந்தக் கரண்டு ரேட்டு பழசுங்க. மாத்திக்கோங்க" என்று அவரே மாற்றியும் கொடுத்தார். டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

வழியில் கோபமாகக் கத்தினேன். "புண்ணியவான்னு சொன்னாருல்ல. அதுக்கு மேல அவருகிட்ட என்னத்தக் கேக்க" என்றார் அண்ணன். பை அப்படியே கனத்தது. பள்ளிக்கூடம் திறந்தது, மகள் ஊரிலேயே பழைய பள்ளிக்குப் போனாள். அடுத்த வருடம் அவர் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார். சில காலம் போனில் பேசினோம். பிறகு அவர் எண் மாறிவிட்டது.

நான் ஓசூரிலேயே வீடு கட்டினேன். என் மகளின் படிப்புக்காக மனைவியும் அவளும் சென்னையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் ஃபேன்தான் துணை. சைபருக்கு என்ன அர்த்தம் என்று இப்போது புரிகிறது, புரியாமலே இருந்திருக்கலாம்.

இன்று மத்தியானம் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் நான்காம் பாடத்தை லேப்டாப்பில் ஓடவிட்டேன். "நெறையப் பேரு இத விட்டுருவாங்க. உங்க சொந்த நேரத்துக்கும் காசு போடணும். சும்மாதான இருக்கோம்னு சைபர் போட்டுறாதீங்க" என்கிறார் அண்ணன். அதற்குப் பின்னால் தட்டு வைக்கும் சத்தமும், நான் ஊருக்குப் போகாத ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையின் என் இளம் குரலும் கேட்கின்றன. "அண்ணா, சோறு ஆறிப்போவுது, வாங்க." "இந்தா வந்துட்டேன்" என்று அவர் எழுந்திருக்கிறார். பாடம் அதோடு நின்றுவிடுகிறது.

சமையலறையில் என் சோறும் ஆறிக்கொண்டிருந்தது. பாடத்தை இன்னொரு முறை போட்டேன். இந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் அது ஒன்றுதான்.