நாகப்பனின் அடுப்புக்கரி

நாகப்பன் யாரையும் மதிக்கமாட்டான். தனக்குச் சோறு போட்ட கரியைச் சுத்தமாக மதிக்கமாட்டான். ஒரகடத்தில் அவன் வேலை பார்த்த கம்பெனி, தேங்காய் ஓட்டைச் சுட்டுக் கரியாக்கி, மாவாக அரைத்து, எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகளுக்கு உள்ளே பூசும் பெயிண்டுக்குக் கொடுத்தது. அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும். வெளியிலிருந்து வரும் மின்காந்த அலைகளைப் பெட்டிக்குள் விடாது. இதை வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியே வைத்திருந்தார்கள். தினமும் அதன் கீழேதான் பைக்கை நிறுத்துவான், ஒரு நாளும் படித்ததில்லை. சொந்த ஊரான சேரப்பணஞ்சேரியில் கேட்டால் "எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி" என்பான். கம்பெனிக்குள் வந்தால் "அடுப்புக்கரி" என்பான்.

கான்ட்ராக்டிலேயே கிடந்தவனுக்கு இந்த ஆயுத பூஜையோடு பர்மனென்ட் என்று மேனேஜர் நம்பிராஜன் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அது போதாதா? அவன் மனைவி செல்லம்மாளிடம் சொல்ல, அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

பூஜையன்று அரவை லைனின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெஷின்களைத் துடைத்தார்கள். புது வெள்ளைச் சட்டையில் வந்த நாகப்பனுக்குத் துணியால் துடைப்பது கௌரவக் குறைச்சல். காற்றுக் குழாயை இழுத்து வந்து மெஷின்மேல் படிந்த கரிமாவை ஊதித் தள்ளினான். சந்தனம் பூசத் திறந்த மின்சாரப் பேனல் அப்படியே திறந்து கிடந்தது.

"அண்ணா, பேனல மூடிட்டு அடிங்க. மாவு உள்ள போவுது," என்றாள் பக்கத்து மெஷின் கவிப்பிரியா.

"போனா இன்னா? உங்க வூட்டு அடுப்புக்கரி ஷாக் அடிக்குதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குளிர்ந்துபோய், பேனலுக்குள்ளும் ஒரு முறை காற்றடித்து, குங்குமம் வைத்துக் கதவைச் சாத்தினான்.

பூசணிக்காய் உடைத்ததும், முதல் சுவிட்சைப் போடும் மரியாதையை நம்பிராஜன் அவனுக்கே கொடுத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டான். பேனல் டமாரென்று வெடித்துக் கதவு பிய்ந்து தொங்கியது. யாருக்கும் அடியில்லை. கரியெல்லாம் நாகப்பன்மேல்தான்.

"வாசல்ல எழுதினத ஒரு நாளாவது படிச்சியாப்பா?" என்றார் நம்பிராஜன். "பர்மனென்ட் பேச்ச இனிமே எடுக்காத."

வீட்டு வாசலில் செல்லம்மாள் லட்டுத் தட்டோடு நின்றாள். கரி அப்பிய அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எதிர்வீட்டு எல்லப்பன் மட்டும் லட்டை மென்றுகொண்டே கேட்டான்.

"எலக்ட்ரானிக்ஸ் கம்பெனின்னியே நைனா, கரிக் கம்பெனியா?"

"கரிதான்," என்றான் நாகப்பன். "கரண்டு பாயுற கரி."

முதல் தடவையாக அதை மரியாதையோடு சொன்னான்.