ஏழு பெயர், இரண்டு கிளப்: லியூவைத் தேடி பிளானோவுக்கு

எடிசன் ரயில் நிலையத்தில் மன்ஹாட்டன் ரயிலுக்காக நின்றபோதுதான், நேரிலேயே போய்விடலாம் என்று தோன்றியது. போனில் ஒரு மின்னஞ்சல். டெக்சாஸின் பிளானோவிலிருந்து செந்தில் என்பவர் எழுதியிருந்தார். அவர் மகளுக்குக் கால்பந்து கற்றுத்தரும் கோச் லியூ, சீனாவில் பதினான்கு வருடம் தொழில்முறையாக ஆடி ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றி என் இணையப் பக்கத்தில் நான் எழுதியிருந்தேன்: ஏழு கிளப்களில் ஆடிய நாடோடி என்று. அவரோ கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இரண்டு கிளப் என்று எழுதியிருக்கிறார். எது உண்மை என்று கேட்டு அமெரிக்கக் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தோடு என் பக்கத்தின் பிரதியும் இருந்ததாம். பதில் சொல்லப் பத்து நாள். சொல்ல முடியாவிட்டால் அவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பக்கத்தைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. ஆனால் இப்போது திருத்தினால், சொல்லிவைத்துத் திருத்தியதுபோல இருக்கும். பிழை எப்படி வந்தது என்று எழுதியவரே கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்றாராம் லியூவின் வக்கீல். திரையைப் பார்த்து ஒருமுறை எழுதியாயிற்று. இம்முறை கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லை. ரயில் வருவதற்குள் டிக்கெட் போட்டேன்: நியூவர்க்கிலிருந்து டாலஸ், போக வர 286 டாலர்.

சனிக்கிழமை காலை 6:05க்குக் கிளம்ப வேண்டிய விமானம் 7:50க்குக் கிளம்பியது. நடு இருக்கை. இரண்டு பக்கமும் தூங்கினார்கள். நான் என் பழைய கட்டுரையை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ‘நாடோடி’ என்ற சொல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

காலை 10:45, டாலஸ். வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. செந்தில் அங்கிள் காரோடு நின்றார். திருப்பூர்க்காரர். பிளானோவுக்கு டோல்வேயில் இருபத்தைந்து மைல்.

“தம்பி, தூங்கவே இல்லையாட்ட இருக்குதுங்க?”

“ஃப்ளைட் டிலே ஆயிடுச்சு அங்கிள்.”

“எங்க கோச்சும் ஒரு வாரமா தூங்கலைங்க. அதுக்கு ஃப்ளைட் காரணமில்ல.” கொஞ்ச தூரம் போன பிறகு, “ஏழு கிளப்புன்னு எதை வச்சுங்க போட்டீங்க?” என்றார்.

“பழைய ஸ்கோர் ஷீட் எல்லாம் டிரான்ஸ்லேட் பண்ணிப் பார்த்தேன். ஏழு கிளப் பேர் வந்துச்சு.”

“சரிதானுங்க. உங்க கம்பெனியை யாரோ வாங்கிட்டாங்கன்னு மெயில்ல சொன்னீங்களே, அப்ப நீங்க வேற வேலைக்கா போனீங்க?”

இரண்டு வருடத்தில் என் அடையாள அட்டையில் மூன்று கம்பெனிப் பெயர் மாறியிருக்கிறது. நாற்காலி அதேதான்.

11:50. மைதானத்தில் பயிற்சி முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். லியூ இடது முழங்காலில் பட்டையோடு மெதுவாக வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

கார் டிக்கியைத் திறந்து ஐந்து குழுப் படங்களை வரிசையாக வைத்தார். எல்லாம் அவருடைய முதல் கிளப்; வாங்கும் கம்பெனி மாறும்போதெல்லாம் கிளப்பின் பெயரும் மாறியிருக்கிறது. “இந்தச் சட்டை சிகரெட் கம்பெனி. அடுத்தது மருந்து. அப்புறம் இரும்பு,” என்றார், அவசரப்படாத ஆங்கிலத்தில். நான்காவதாக வாங்கியவர்கள் வீடு கட்டி விற்பவர்கள். அவர்கள் கிளப்பையே ஆயிரம் மைல் தள்ளி வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். “பஸ்ஸில் ஏறினோம். இறங்கும்போது வேறு கிளப் ஆகியிருந்தோம்.” ஐந்தாவது ஒரு சாராய ஆலை, அதோடு கிளப்பை மூடிவிட்டார்கள். கடைசி மூன்று வருடம் ஆடிய இரண்டாவது கிளப்புக்கும் இரண்டு பெயர். அதுவும் இப்போது இல்லை. சான்றுக் கடிதம் கேட்கலாம் என்றால், தட்டுவதற்கு ஒரு கதவும் கிடையாது.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சட்டை மாறுகிறது, ஆட்டக்காரர்கள் மாறுகிறார்கள், பயிற்சியாளர் மாறுகிறார். ஓரத்தில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி மட்டும் ஐந்திலும் நிற்கிறார்.

“இவர் யார்?”

“சமையல்காரம்மா.” லியூ முதல்முறையாகச் சிரித்தார். “மைதானத்தை விற்றார்கள், எங்களை விற்றார்கள். இவரை விற்க யாருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் எங்களோடு வந்தார்.”

“அட, அப்ப இந்தம்மாவே லெட்டர் குடுக்கலாமுங்களே!” என்றார் அங்கிள். இதுவரை எல்லோரும் பழைய மேலாளர்களையே தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் வக்கீலுக்குப் போன் போட்டார். முயன்று பாருங்கள், அந்தம்மா கிளப்பில் வேலை பார்த்ததற்கு ஏதாவது அட்டை இருந்தால் நல்லது என்று பதில் வந்தது.

மாலை 5:30. அங்கிள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் வாக்குமூலத்தை எழுதி முடித்தேன். ‘சீனமொழி தெரியாமல் பெயர்களை எண்ணிவிட்டு, கிளப்களை எண்ணியதாக நினைத்தேன்.’ எழுத நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இங்கே ஏழு மணிக்குச் சீனாவில் ஞாயிறு காலை எட்டு. அப்போது சமையல்காரம்மாவை அழைக்கிறோம். நாங்கள் எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அந்தம்மாவே சொல்ல வேண்டும். “கம்பெனிப் பெயரெல்லாம் அவருக்கு நினைவிருக்காது,” என்றார் லியூ, கண்ணைத் தேய்த்துக்கொண்டே. “யார் எவ்வளவு சாப்பிட்டான் என்பதுதான் நினைவிருக்கும்.”

அங்கிருந்தே தொடங்கலாம் என்று முதல் கேள்வியை எழுதிவைத்தேன்: லெஃப்ட் பேக்காக, இடது ஓரத் தடுப்பில், ஆடிய லியூவுக்குக் காலையில் என்ன கொடுப்பீர்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை கொடுத்தீர்கள்?